பூங்காவுக்கு நடந்து செல்லும் வழியே பாதி மருந்து: சித்தூர், திருப்பதி வாசிகளுக்கு அன்றாட நடை ஏன் அவசியம்?

திருப்பதி: அலிபிரியில் இருந்து திருமலைக்கு 3,550 படிகள், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். சந்திரகிரியை அடுத்த ஸ்ரீவாரி மெட்டு வழியாகச் சென்றால் 2,388 படிகள். சுமார் 2 கிலோமீட்டர். நாட்டின் எந்த மூலையில் இருந்து வந்தாலும், வேண்டுதலின் பெயரால் இந்தப் படிகளை ஏறிக் கடக்கும் பக்தர்களை நாள்தோறும் காணலாம். நடையை ஒரு நேர்த்திக்கடனாகவே போற்றும் ஊர் திருப்பதி.

ஆனால், அதே ஊரில் வசிக்கும் ஒருவர் தம் வீட்டில் இருந்து 800 மீட்டர் தொலைவில் உள்ள பூங்காவுக்கு இருசக்கர வாகனத்தில் சென்று, அங்கே அரை மணி நேரம் சுற்றி நடந்துவிட்டு, மீண்டும் வாகனத்திலேயே வீடு திரும்புவதும் அன்றாடக் காட்சிதான். 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தூரிலும் நிலை வேறல்ல. நடப்பதற்காக வாகனம் ஏறுகிறோம் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அதற்குப் பின்னால் உடல்நலம், சாலைப் பாதுகாப்பு, நகரத் திட்டமிடல், அக்கம்பக்கத்து உறவு என்று பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

வாரத்துக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், வீட்டருகே உள்ள பூங்கா ஏன் முக்கியம், அதற்குச் செல்லும் பாதை யாருடைய பொறுப்பு, யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பன குறித்து விரிவாகப் பார்க்கலாம்.

மலையேற்றம் வேறு, அன்றாட நடை வேறு

ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ திருமலைப் படிகளை ஏறிவிட்டால் உடலுக்குத் தேவையான பயிற்சி கிடைத்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது சரியன்று. படியேறுதல் என்பது கடுமையான உழைப்பு. அலிபிரிப் பாதையின் இறுதிப் பகுதியில் உள்ள செங்குத்தான ஏற்றத்துக்குத் தமிழ் வைணவ மரபில் 'முழங்கால் முறிச்சான்' என்றே பெயர். தெலுங்கில் அதனை 'மோகாள்ள பர்வதம்' என்பர். 'மோகாலு' என்றால் முழங்கால். மலையைக் காலால் மிதிக்க மனமின்றி ராமானுஜர் முழந்தாளிட்டு ஏறினார் என்பது மரபுவழிச் செய்தி.

பழக்கமில்லாத உடல் திடீரென இத்தகைய ஏற்றத்தைச் சந்திக்கும்போது இதயத்தின் மீதும் மூட்டுகளின் மீதும் சுமை கூடுகிறது. இதனைக் கருத்தில் கொண்டே, நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டு நோய் போன்ற நாட்பட்ட நோய்கள் உள்ள 60 வயதைக் கடந்தோரும், இதய நோயாளிகளும், உடற்பருமன் உடையோரும் நடைபாதை வழியாக வருவதைத் தவிர்க்கலாம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2024-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

இதற்கு மாறாக, சமதளத்தில் நாள்தோறும் நடக்கும் மிதமான நடை, உடலைச் சிறிது சிறிதாகப் பழக்குகிறது. ஓராண்டில் ஒரு நாள் 3,550 படி ஏறுவதைக் காட்டிலும், ஓராண்டில் 250 நாட்கள் அரை மணி நேரம் நடப்பதே நோய்த்தடுப்புக்கு உதவும். மலையேறும் ஆசை உள்ளோருக்கும் அந்த அன்றாட நடைதான் முன்தயாரிப்பு.

வாரத்துக்கு 150 நிமிடங்கள்: கணக்கு என்ன?

உலக சுகாதார அமைப்பு 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். இத்துடன் வாரத்தில் 2 நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாட்கள் உடல் சமநிலைக்கான பயிற்சியும் செய்வது நல்லது.

இதில் ஒரு முக்கிய மாற்றம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது நடந்தால்தான் அது கணக்கில் சேரும் என்பது 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இருந்த நிபந்தனை. 2020-இல் அது நீக்கப்பட்டது. கடைக்குச் செல்லும் 4 நிமிட நடையும், குழந்தையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் 7 நிமிட நடையும் இப்போது கணக்கில் சேரும்.

இந்த இடத்தில்தான் வீட்டருகே உள்ள பூங்கா உதவுகிறது. 800 மீட்டர் தொலைவில் உள்ள பூங்காவை நடந்து அடைய ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். அங்கே 10 நிமிடம் சுற்றினால், திரும்பி வர மேலும் 10 நிமிடம். மொத்தம் 30 நிமிடம். வாரத்தில் 5 நாட்கள் இவ்வாறு செய்தால் 150 நிமிடங்கள் நிறைவு பெறும். இதில் மூன்றில் இரண்டு பங்கு, பூங்காவுக்குச் செல்லும் வழியிலேயே கிடைத்துவிடுகிறது. வாகனத்தில் சென்றால் அந்தப் பங்கு முழுவதும் கைநழுவிப் போகிறது.

மிதமான வேகம் என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நடக்கும்போது உடன் வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால், பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்று வேகமாக வாங்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிகள் என்ற வேகம் பெரும்பாலோருக்கு இந்த அளவை எட்டும்.

10,000 அடிகள் கட்டாயமா?

திறன்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் 10,000 என்ற எண் இலக்காகக் காட்டப்படுகிறது. இந்த எண் மருத்துவ ஆய்வில் இருந்து பிறந்ததன்று. 1965-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த நடை அளவிக்கு, ஜப்பானிய மொழியில் '10,000 அடி அளவி' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியது. விற்பனைப் பெயராக வந்த எண், காலப்போக்கில் சுகாதார இலக்காக நிலைபெற்றுவிட்டது.

லான்செட் பொது சுகாதார இதழில் 2025-ஆம் ஆண்டில் வெளியான, 57 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு வேறொரு படத்தைத் தருகிறது. நாளொன்றுக்கு 2,000 அடிகள் மட்டும் நடப்போருடன் ஒப்பிடுகையில், 7,000 அடிகள் நடப்போரிடம் இறப்பு அபாயம் 47 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. மறதி நோய் அபாயம் 38 விழுக்காடும், மனச்சோர்வு அபாயம் 22 விழுக்காடும் குறைவாக இருந்தன. இவை நடைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் எண்கள். நடை ஒன்றே காரணம் என்று இவற்றைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. எனினும், 10,000-ஐ எட்ட முடியாதவர் மனம் தளர்ந்து நடையையே கைவிட வேண்டியதில்லை என்பது தெளிவு.

உடலுக்குள் என்ன நிகழ்கிறது?

உண்ட உணவில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதனைத் தசைகளுக்குள் செலுத்த இன்சுலின் தேவை. நீரிழிவு நோயாளிகளிடம் இன்சுலின் போதுமான அளவு சுரப்பதில்லை, அல்லது சுரந்தும் முழுமையாகப் பலன் தருவதில்லை. ஆனால், நடக்கும்போது சுருங்கி விரியும் கால் தசைகள், இன்சுலினின் துணையை எதிர்பாராமலே ரத்தத்தில் இருந்து சர்க்கரையை உறிஞ்சிக் கொள்ளும் திறன் பெற்றவை. உணவுக்குப் பின் 10 அல்லது 15 நிமிடம் மெல்ல நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுவதற்கு இதுவே காரணம்.

கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, காலில் தேங்கிய ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. ரத்தக் குழாய்களின் உட்சுவர் நெகிழ்ந்து கொடுப்பதால், நாளடைவில் ரத்த அழுத்தம் குறைய வாய்ப்புண்டு. உடல் எடையைத் தாங்கி நடப்பதால் எலும்பும் வலுப்பெறுகிறது.

இந்தத் தொடர்பை அறிவியல் உலகுக்கு முதலில் வலுவாக எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜெர்ரி மோரிஸ். லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு அவர் நடத்திய ஆய்வு 1953-ஆம் ஆண்டில் வெளியானது. நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, பேருந்தின் மாடிப் படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களிடம் மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, வேறுபட்டது உடலுழைப்பு.

இந்தியாவில் இதன் தேவை பெரிது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய, 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இன்றி வாழ்வதாக உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2024-இல் தெரிவித்தனர். பெண்களில் இது 57 விழுக்காடு. ஆண்களில் 42 விழுக்காடு.

உறவும் ஒரு மருந்து

வீட்டு மாடியிலோ, நடைபயிற்சி இயந்திரத்திலோ நடந்தாலும் கால்களுக்கு வேலை கிடைக்கும். ஆயினும், பூங்காவில் கிடைக்கும் ஒன்று அங்கே கிடைப்பதில்லை. அது மனிதர்களின் முகம்.

உலகில் ஆறில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டுள்ளனர் என்றும், ஆண்டுக்கு 8.7 லட்சத்துக்கும் அதிகமான இறப்புகள் தனிமையோடு தொடர்புடையவை என்றும் உலக சுகாதார அமைப்பின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பிள்ளைகள் பெங்களூருவிலும் சென்னையிலும் வெளிநாடுகளிலும் பணிபுரிய, பெற்றோர் மட்டும் சொந்த ஊரில் வசிக்கும் குடும்பங்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் ஏராளம். பணி ஓய்வு பெற்ற மறுநாளே அலுவலகத் தோழமை அறுந்துவிடுகிறது. அத்தகையோருக்கு, காலை 6 மணிக்குப் பூங்கா வாயிலில் காத்திருக்கும் நால்வர் குழு ஒரு பெரும் பற்றுக்கோடு.

இத்தகைய உறவுகள் மிக நெருக்கமானவையாக இருக்க வேண்டியதில்லை. முகம் பார்த்துத் தலையசைக்கும் அளவிலான அறிமுகமும் ஒருவரின் வாழ்க்கைக்குப் பெரிதும் பயன்படும் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் விளக்கினார். புதிய வேலை வாய்ப்பு போன்ற செய்திகள், நெருங்கிய உறவினரைவிட இத்தகைய மெல்லிய அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கின்றன என்பது அவரது கண்டறிதல். நல்ல மருத்துவர் யார், வாடகைக்கு வீடு எங்கே, கூட்டுறவுச் சங்கத்தில் என்ன நடக்கிறது என்பனவெல்லாம் நடைபாதைப் பேச்சில் கைமாறுவதை நாமும் கண்டிருக்கிறோம். நாள்தோறும் வரும் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், 'என்ன ஆயிற்று?' என்று வீடு தேடிச் செல்ல ஆள் இருக்கிறது என்பதே ஒரு பாதுகாப்பு.

குழுவாக நடப்பதன் பலன் அளந்து பார்க்கப்பட்டுள்ளது. பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 2015-இல் வெளியான பகுப்பாய்வு, 1,800-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 42 ஆய்வுகளைத் தொகுத்தது. திறந்தவெளியில் குழுவாக நடந்தோரிடம் ரத்த அழுத்தம், ஓய்வுநிலை இதயத் துடிப்பு, உடல் கொழுப்பு, மனச்சோர்வு ஆகியவை குறைந்தன. பெரும்பாலானோர் பயிற்சியை இடையில் கைவிடவும் இல்லை. உடன் வருபவர் காத்திருப்பார் என்ற எண்ணமே படுக்கையை விட்டு எழச் செய்கிறது.

சித்தூர் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச்சிறப்பும் உண்டு. 1911-ஆம் ஆண்டில் உருவான சித்தூர் மாவட்டத்தின் பல பகுதிகள் அதற்கு முன் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. 1960-ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே தொடர்ந்தது. வேலூரில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய இந்நகரில், தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒருவர் தெலுங்கில் கேட்க மற்றவர் தமிழில் விடை சொல்லும் உரையாடலுக்குப் பூங்கா இருக்கையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

திருப்பதியில் எங்கே நடக்கலாம்?

திருப்பதி நகருக்குள் பிரகாசம் பூங்கா நீண்டகாலமாக அறியப்பட்ட ஒன்று. விநாயகர் சிலைகள் கரைக்கப்படும் விநாயக சாகர் ஏரி, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் மேம்படுத்தப்பட்ட இடங்களுள் ஒன்றாகும். அலிபிரிக்கு அப்பால் மலையடிவாரத்தில் வனத்துறையின் திவ்யாராமம் அமைந்துள்ளது. 1954-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனங்களின் மரங்கள் சூழ்ந்த வளாகங்களும் நகரின் நுரையீரல்களாக விளங்குகின்றன.

நகரை ஒட்டியே சேஷாசலம் மலைத்தொடரும், 1989-இல் அறிவிக்கப்பட்ட, சுமார் 353 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும் உள்ளன. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. செம்மரம் இயற்கையாக வளரும் அரிய நிலப்பரப்பு இது.

ஆனால், இத்தனை பெரிய காடு அருகில் இருப்பதால் நகரத்துக்குப் பூங்கா தேவையில்லை என்று கருதிவிட முடியாது. காடு வனவிலங்குகளின் வாழிடம். 2023 ஆகஸ்ட் மாதத்தில் அலிபிரி நடைபாதையில் பெற்றோருடன் மலையேறிய 6 வயதுச் சிறுமி சிறுத்தை தாக்கி உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. அதற்கு முன் ஜூன் மாதத்தில் ஒரு சிறுவன் சிறுத்தையிடம் சிக்கிக் காயங்களுடன் உயிர் தப்பினான். இதனைத் தொடர்ந்து பிற்பகல் 2 மணிக்குப் பின் சிறுவர்களை நடைபாதையில் அனுமதிப்பதில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பக்தர்களுக்குக் கைத்தடிகள் வழங்கப்பட்டன. கேமராக்களும் கூண்டுகளும் வைக்கப்பட்டன. மலையடிவாரத்தை ஒட்டிய கல்வி வளாகங்களிலும் சிறுத்தை நடமாட்டம் அவ்வப்போது பதிவாகியுள்ளது.

எனவே, காட்டை ஒட்டிய பகுதிகளில் விடியலுக்கு முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் தனியாக நடப்பதைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளை முன்னே ஓடவிடாமல் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். தின்பண்டங்களை எறிந்தால் குரங்குகளும் நாய்களும் கூடும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். குடியிருப்புக்கு நடுவே, விளக்கொளியும் ஆள்நடமாட்டமும் உள்ள சிறு பூங்காவின் அருமை இங்குதான் புலப்படுகிறது.

எவ்வளவு பசுமை தேவை?

மத்திய அரசின் நகர்ப்புறத் திட்ட வழிகாட்டுதல்கள் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை திறந்தவெளி இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருப்பதி நகரின் மக்கள்தொகை சுமார் 2.87 லட்சம். குறைந்தபட்ச அளவை எடுத்துக்கொண்டாலே சுமார் 287 ஹெக்டேர், அதாவது 700 ஏக்கருக்கு மேல் திறந்தவெளி தேவை. அதே கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் வசித்த சித்தூருக்கு 150 ஹெக்டேர், அதாவது சுமார் 370 ஏக்கர் தேவை. கடந்த 2011-க்குப் பின் இரு நகரங்களும் வளர்ந்திருப்பதால் தேவையும் கூடியிருக்கும்.

மொத்தப் பரப்பு மட்டும் போதாது; அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வீட்டில் இருந்து 300 மீட்டருக்குள், ஏறத்தாழ 5 நிமிட நடையில், ஒரு பசுமைவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவின் பரிந்துரை. நெதர்லாந்தைச் சேர்ந்த நகர வனவியல் அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021-இல் '3-30-300' என்றொரு எளிய விதியை முன்வைத்தார். வீட்டில் இருந்து பார்த்தால் 3 மரங்கள் தெரிய வேண்டும்; குடியிருப்புப் பகுதியில் 30 விழுக்காடு மரநிழல் இருக்க வேண்டும்; 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். நம் வீட்டு வாசலில் நின்று இந்த மூன்றையும் நாமே சரிபார்த்துக் கொள்ளலாம்.

கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இவ்விரு நகரங்களிலும் மரநிழல் அழகுப்பொருளன்று. நிழலற்ற தார்ச்சாலையில் முதியவர் ஒருவர் காலை 8 மணிக்குமேல் நடப்பதே கடினம். மழைக்காலத்திலும் பூங்காவுக்கும் ஏரிக்கும் வேலை உண்டு. 2021 நவம்பரில் திருப்பதி பெருவெள்ளத்தில் தத்தளித்தது நினைவிருக்கலாம். கான்கிரீட் மூடாத மண்ணும் தூர்வாரிய ஏரியும் மழைநீரை உள்வாங்கிக் கொள்ளும் இடங்கள்.

பூங்காவுக்குச் செல்லும் பாதை யாருடைய பொறுப்பு?

பூங்கா இருந்தும் மக்கள் நடந்து செல்லாமல் இருப்பதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. நடைமேடையை நிறுத்தப்பட்ட வாகனங்களும் கடைப் பலகைகளும் மின்மாற்றிகளும் அடைத்துக்கொண்டால், பாதசாரி சாலையில் இறங்க நேரிடும். 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1.68 லட்சம் பேரில் 32,825 பேர் பாதசாரிகள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இறந்தோரில் ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த நெறிகளின்படி, குடியிருப்புப் பகுதி நடைமேடையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து செல்லப் போதுமான அகலம் இது. தடையற்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நடைமேடை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தெளிவுபடுத்தியது.

பூங்காக்களை அமைத்துப் பராமரிப்பது நகராட்சி அமைப்புகளின் கடமைகளுள் ஒன்றாக, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த 12-ஆவது அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. 2015-இல் தொடங்கப்பட்ட அம்ருத் திட்டத்திலும் பசுமைவெளிகளும் பூங்காக்களும் ஓர் அங்கம்.

பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் வேறு பயன்பாட்டுக்குத் திருப்பப்படுவதும் அடிக்கடி எழும் சிக்கல். பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடம் ஒன்று தனியார் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டதை எதிர்த்து அப்பகுதிவாசிகள் தொடுத்த வழக்கில், 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு வழங்கியது. மருத்துவமனையும் நற்பணிதான் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. திறந்தவெளி பொதுமக்களின் நலனுக்கு உரியது. அதைக் காக்க அப்பகுதிவாசிகளுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் உறுதி செய்தது. மனைப்பிரிவு வாங்கிய ஒவ்வொருவரும் தம் வரைபடத்தில் பூங்காவுக்கென விடப்பட்ட இடம் இன்றும் அவ்வாறே உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

ஆந்திரப் பிரதேசத்தில் 2019 முதல் இயங்கிவரும் வார்டு செயலகங்களில், குடிமை வசதிகளைக் கவனிக்கத் தனிச் செயலர் உள்ளார். எரியாத விளக்கு, உடைந்த நடைமேடை, பூட்டியே கிடக்கும் பூங்கா வாயில், பயன்படுத்த முடியாத கழிப்பறை ஆகியவை குறித்து எழுத்து மூலம் மனு அளிக்கலாம். பெண்கள் மாலையில் பூங்காவுக்கு வருவதும் வராமல் இருப்பதும் பெரும்பாலும் விளக்கையும் கழிப்பறையையும் பொறுத்தே அமைகிறது. தனியொருவர் மனுவைவிட, நாள்தோறும் நடக்கும் 20 பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு வலு அதிகம். பூங்கா உறவின் நேரடிப் பயன் இது.

தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

- முதல் வாரம் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டிக்கொண்டே செல்லலாம்.

- கோடையில் காலை 5.30 முதல் 7 மணி வரையும், மாலையில் வெயில் தணிந்த பின்னரும் நடப்பது நல்லது. கையில் குடிநீர் இருக்கட்டும்.

- நீரிழிவு உள்ளோர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. பாத உணர்வு குன்றியிருந்தால் சிறு காயமும் புண்ணாகும். வீடு திரும்பியதும் பாதங்களைச் சோதிக்க வேண்டும்.

- இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர், இனிப்பு மிட்டாய் அல்லது குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் தோன்றினால் உடனே அமர்ந்து அதனை உட்கொள்ள வேண்டும்.

- நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் நடையை நிறுத்தி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

- தெருநாய் கடித்தால், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி செலுத்திக்கொள்ள வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள் போன்றவற்றைக் காயத்தில் பூசக் கூடாது.

- நடைமேடை இல்லாத சாலையில் எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி வலப்பக்கமாக நடக்க வேண்டும். இருள் பிரியாத வேளையில் வெளிர்நிற ஆடை அணிவது நல்லது.

- காதொலிக் கருவியின் ஒலியைக் குறைத்து வைத்தால் வாகன ஓசையும் கேட்கும். உடன் நடப்பவரின் குரலும் கேட்கும்.

முதல் அடி வாசலில் இருந்து

திருமலைப் படிகளை ஏறுவோர் முதல் படியைத் தொட்டு வணங்கிவிட்டு, மஞ்சளும் குங்குமமும் இட்டுத் தொடங்குவது வழக்கம். அன்றாட நடைக்கு அத்தகைய சடங்கு எதுவும் தேவையில்லை. வாகனச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாசலைத் தாண்டினால் போதும். பக்கத்து வீட்டு முதியவரையும் உடன் அழைத்துச் சென்றால், ஒரே நடையில் இருவரின் 30 நிமிடக் கணக்கு நிறைவேறும்.

(குறிப்பு: இக்கட்டுரையில் உள்ள மருத்துவத் தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. இதய நோய், நீரிழிவு, மூட்டு நோய் உள்ளோர் புதிதாக நடைபயிற்சி தொடங்கும் முன் தங்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.)